பழசு என்று சொல்லி இடித்தார்கள்: தாதர் அம்பேத்கர் பவன் நமக்குச் சொல்வது

கட்டடம் ரொம்பப் பழசு, எப்போது வேண்டுமானாலும் விழும், ஆள் செத்தால் யார் பொறுப்பு, அதனால் இடித்தோம்.

2016 ஜூன் 25 அன்று பொழுது விடிந்தபோது மும்பை தாதரில் அம்பேத்கர் பவன் இருந்த இடத்தில் இடிபாடுதான் கிடந்தது. விடியுமுன் இயந்திரங்களைக் கொண்டுவந்து வேலையை முடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலின் சாரம்தான் மேலே இருப்பது. மாநகராட்சியின் நோட்டீஸையும் ஆதாரமாகக் காட்டினார்கள்.

இவ்வளவு வருஷம் கழித்து ஏன் இதைத் தோண்டுகிறீர்கள் என்று தோழர்கள் கேட்கலாம். நாங்கள் வேலை செய்யும் வட மாவட்டக் காலனி ஒன்றில் போன மாதம் இதே கேள்வி எங்கள் முன்னால் வந்தது. அங்கே இருக்கும் அம்பேத்கர் படிப்பகத்தின் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. இடிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு இரவு உட்கார்ந்து பேசினோம். பேசும்போதெல்லாம் தாதர்தான் எங்கள் நினைவில் ஓடியது. படிப்பகம் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். முதலில் தாதர்.

தாதரில் இருந்தது எது?

பாபாசாகேப் 1944இல் பீப்பிள்ஸ் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையை நிறுவினார். அந்த மனையும் பவனும் அந்த அறக்கட்டளையோடு பிணைந்தவை. அதே வளாகத்தில்தான் புத்த பூஷண் அச்சகம் இருந்தது. 'ஜனதா', 'பிரபுத்த பாரத்' இதழ்களோடு சேர்த்து நம் மக்கள் நினைவில் வைத்திருக்கும் அச்சகம் அது.

ஓர் அச்சகம் போனதற்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்பவர்கள் 1920க்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' வெளிவந்தது. ஊமைகளின் தலைவன் என்று பெயர். அதன் விளம்பரத்தைக் காசு கொடுத்தும் போட மறுத்தது திலகர் தொடங்கிய 'கேசரி'. காசு வாங்கிக்கொண்டுகூட நம் பெயரை அச்சில் போட மாட்டேன் என்றார்கள். அதன் பிறகுதான் 1927இல் 'பஹிஷ்கிருத் பாரத்', 1928இல் 'சமதா', 1930இல் 'ஜனதா', 1956இல் 'பிரபுத்த பாரத்' என்று ஒன்றன்பின் ஒன்றாக இதழ்கள் வந்தன. மகாட் குளத்துத் தண்ணீர், காலாராம் கோயில் வாசல், பூனா ஒப்பந்தம், நான் இந்துவாகச் சாக மாட்டேன் என்ற இயோலா அறிவிப்பு, நாக்பூர் தீட்சை என எல்லாமே இந்த இதழ்களின் காலத்தில் நடந்தவை. நம் தரப்பை நம் ஆட்களே எழுத்துக் கோத்து, மை தடவி, மடித்துக் கட்டி அனுப்பிய காலம் அது. சொந்த அச்சகம் இல்லாதவனின் கதையை அடுத்தவன்தான் எழுதுவான். அதைத் தெரிந்து வைத்திருந்தவர் பாபாசாகேப். அதனால்தான் பணத்துக்கு அவ்வளவு திண்டாடிய நிலையிலும் இதழையும் அச்சகத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொடர்ச்சியில் மிஞ்சிய ஓர் இடத்தைத்தான் ஒரே இரவில் மண்ணாக்கினார்கள்.

இடித்தவர்களின் வாதத்தை நாங்கள் ஒதுக்கித் தள்ளப் போவதில்லை. மும்பையில் பழைய கட்டடங்கள் விழுகின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் விழுகின்றன. செத்துப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அங்கே மாநகராட்சி, கட்டடங்களை நிலைமைக்கு ஏற்றபடி வகை பிரிக்கிறது. சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2 என்றால் பழுது பார்த்துக் காப்பாற்றக் கூடியது. அதிலும் ஆளைக் காலி செய்துவிட்டுச் செய்ய வேண்டிய பெரிய வேலை ஒரு பிரிவு, ஆள் இருக்கும்போதே செய்யக்கூடியது இன்னொரு பிரிவு. சி-3 என்றால் சில்லறை வேலை. இந்த வகைப்பாட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கான்கிரீட்டின் மேல் சுத்தியல் போன்ற கருவியைத் தட்டி அது எவ்வளவு எகிறுகிறது என்று அளக்க வேண்டும். ஒலி அலையை உள்ளே செலுத்தி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூணில் உருளை வடிவில் ஒரு துண்டு வெட்டியெடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று சோதிக்க வேண்டும். சொந்தக்காரர் வைத்த பொறியாளர் ஒன்று சொல்லி, குடியிருப்பவர்கள் வைத்த பொறியாளர் வேறொன்று சொன்னால், மூன்றாவதாக ஒரு தொழில்நுட்ப ஆலோசனைக் குழு தீர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? வீட்டுக்காரர்கள் குடியிருப்பவர்களைத் துரத்துவதற்குப் 'பழசு' என்ற சொல்லை ஆயுதமாக்கிக் கொண்டார்கள் என்பது நீதிமன்றங்களுக்கே தெரியும். அதற்காகத்தான்.

சட்டத்தையும் பார்ப்போம். ஆபத்தான கட்டடங்களுக்கு நோட்டீஸ் விடுவது 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 354ஆவது பிரிவின்படி. இடி என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. இடி, அல்லது முட்டுக் கொடுத்துப் பத்திரப்படுத்து, அல்லது பழுது பார் என்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே இருந்த நிதானம் அந்த ராத்திரிக்கு இல்லாமல் போனது ஏன்? நோட்டீஸ் வந்தது என்கிறார்கள். சரி, வந்தது. அதில் நடுராத்திரியில் வா என்று எழுதியிருந்ததா? உள்ளே இருக்கும் தாளையும் இயந்திரத்தையும் எடுக்க விடாதே என்று எழுதியிருந்ததா?

பாதுகாப்புக்காகச் செய்கிற வேலையைப் பகலில்தான் செய்வார்கள். தெருவை அடைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லி, மின்சாரத்தைத் துண்டித்து, பொருள்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் செய்வார்கள். ஆபத்தான சுவரை இருட்டில் தள்ளுவதுதான் அதிக ஆபத்து. இது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். இருட்டைத் தேர்ந்தெடுத்தது சுவருக்குப் பயந்து இல்லை, மக்களுக்குப் பயந்து.

இதில் இன்னொரு கசப்பு உண்டு. அறக்கட்டளைக்கு ஆலோசகராக இருந்து இந்த இடிப்பை வெளிப்படையாக நியாயப்படுத்தியவர் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி. அப்போது மகாராஷ்டிர மாநிலத்தின் தலைமைத் தகவல் ஆணையர். அரசு அலுவலகம் எதையும் மறைக்கக்கூடாது, குடிமகன் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பு எழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அந்த வளாகத்தை வைத்து வாழ்ந்த இயக்கத்துக்கும், அதில் உரிமை கோரிய பாபாசாகேபின் குடும்பத்துக்கும் விடிந்த பிறகுதான் தகவல் கிடைத்தது.

அச்சகத்தில் பாபாசாகேப் காலத்து ஆவணங்களும் பழைய இதழ்களும் அச்சுப் பொருள்களும் இருந்தன என்று குடும்பத்தினரும் இயக்கத்தினரும் சொன்னார்கள். பட்டியல் எடுத்துவிட்டு இடித்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. எல்லாரையும் கூப்பிட்டுப் பூட்டைத் திறந்து, ஒவ்வொன்றாய் எழுதி, படம் எடுத்து, கையெழுத்து வாங்கியிருந்தால் எது போனது, எது மிஞ்சியது என்று இன்று கணக்குச் சொல்லலாம். கணக்குச் சொல்ல முடியாதபடி செய்தார்கள் என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

இடித்தவர்கள் நம்மவர்கள்தானே, அறக்கட்டளையும் நம்முடையதுதானே, அந்த இடத்தில் 17 மாடிக் கட்டடம் வந்தால் நமக்குப் பெருமைதானே என்று சிலர் அன்று எழுதினார்கள். இன்றும் எழுதுகிறார்கள். இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆதிக்கச் சாதிக்காரன் வந்து இடித்தால் நமக்குக் கோபம் உடனே வரும். எதிரி யார் என்று தெரியும். வழக்குப் போடுவோம், சாலையில் உட்காருவோம். நம்மவர் வந்து இடிக்கும்போது, வளர்ச்சி, நவீனம், இளைஞர்களுக்கான பயிற்சி மையம் என்ற சொற்களோடு வருகிறார். நீலத் துண்டோடு வருகிறார். ஜெய்பீம் சொல்லிவிட்டு வருகிறார். கேள்வி கேட்டால் சமூகத்தைப் பிளக்கிறாய் என்கிறார்.

அறங்காவலர் என்பவர் காவல்காரர். சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பாபாசாகேப் தன் பெயரிலோ மகன் பெயரிலோ எழுதிக்கொள்ளாமல் ஓர் அறக்கட்டளையின் பெயரில் வைத்ததற்கு ஓர் அர்த்தம் உண்டு. இது ஒரு மக்கள் கூட்டத்தின் சொத்து என்று அவர் நினைத்தார். அந்த மக்கள் கூட்டத்திடம் கேட்காமல் எடுக்கும் முடிவு, எந்தச் சாதிக்காரர் எடுத்தாலும் பண்ணையார் முடிவுதான். அதே அளவுகோலைக் குடும்பத்துக்கும் வைக்கிறோம். பேரன்கள் என்பதால் மட்டும் அவர்களுக்கு அந்த இடம் பாத்தியதை ஆகிவிடாது. அறக்கட்டளைக்கும் குடும்பத்துக்கும் இருந்த உரிமைத் தகராறில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தகராறு இருந்த இடத்தில் ஒரு தரப்பு இரவில் இயந்திரத்தை விட்டது என்பதைத்தான் கண்டிக்கிறோம்.

மக்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். ஜூலை 19 அன்று பைகுல்லாவிலிருந்து கிளம்பிய பேரணியில் ஆயிரமாயிரம் பேர் நடந்தார்கள். உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்து 8 நாள்தான் ஆகியிருந்தது. ரோகித் வெமுலா போய் ஆறு மாதம். அந்த ஆண்டின் கோபமெல்லாம் சேர்ந்து அந்தத் தெருவில் நடந்தது. படித்தவர்களுக்கு மட்டும் வலிக்கிற 'பாரம்பரியக் கட்டடப் பிரச்சினை' என்று யாரும் இதை நினைக்கவில்லை. ஆலைத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் அம்மாவும் வந்தார்கள். தன் வீட்டைத்தான் இடித்தார்கள் என்று நினைத்து வந்தார்கள்.

இப்போது இன்னொரு கட்டடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த விடுதிகள் உண்டு. மொத்தம் 18. செங்கல் சிதைகிறது, கூரை ஒழுகுகிறது, நிலநடுக்கம் தாங்காது என்று சொல்லி, அவற்றில் 14ஐ இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் அறிவித்தது. அறிவித்தது என்பதைக் கவனியுங்கள். உலகம் முழுவதிலுமிருந்து கட்டடக் கலைஞர்களும் பேராசிரியர்களும் கடிதம் எழுதினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். 2021 ஜனவரி 1 அன்று நிர்வாகம் முடிவைத் திரும்பப் பெற்றது. 2022 நவம்பரில், பாதுகாப்பைக் காரணம் காட்டி, மீண்டும் இடித்துக் கட்டும் முடிவுக்கு வந்தது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு பேச்சு. எங்களுக்கு உறைப்பது ஒன்றுதான். அந்த விடுதிகளுக்காக வாதாட இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. காரணத்தை எழுதிக் கொடுத்தார்கள், எதிர்க் காரணத்தையும் படித்தார்கள். மேலாண்மை படிக்கும் மாணவர் தூங்கிய அறைக்கு உலகம் கடிதம் எழுதலாம். பாபாசாகேபின் அச்சகத்துக்கு ஒரு தபால் அட்டை எழுதவும் நேரம் தரப்படவில்லை.

அரசின் அம்பேத்கர் பக்தியையும் சேர்த்துப் பாருங்கள். 1921, 22 வாக்கில் மாணவராக பாபாசாகேப் தங்கியிருந்த லண்டன் கிங் ஹென்றி சாலை வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமரே போய்த் திறந்து வைத்தார். அங்கே அருங்காட்சியகம் நடத்தக்கூடாது என்று உள்ளூர் மன்றம் தடுத்தபோது, அதை எதிர்த்துப் போராடி 2020இல் அனுமதியும் வாங்கினார்கள். நல்லது. அதே 2015 அக்டோபரில் தாதர் கடற்கரையோரம் இந்து மில் நிலத்தில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 100 அடிப் பீடம், அதன் மேல் 350 அடிச் சிலை என்பது திட்டம். அடிக்கல் நாட்டிப் பத்தாண்டு ஆனபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், அதே தாதரில், சிலை எழ வேண்டிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பாபாசாகேபே உருவாக்கிய அமைப்பின் கட்டடம் மண்ணானது.

சிலை பேசாது. மாலை போடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், தேர்தலுக்கு முன் வெளிச்சம் போடலாம். அச்சகம் அப்படி இல்லை. அது நிற்கும்வரை, இங்கே நாங்கள் எங்கள் கதையை எழுதினோம், உன்னிடம் விளம்பரத்துக்கு வந்தோம், நீ போடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அரசுகளுக்குச் சிலை பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, தொல்லியல் சட்டம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா? 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி ஒரு கட்டடம் பழஞ்சின்னம் ஆக வேண்டுமானால் அதற்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 ஆண்டு நிற்கக்கூடிய கட்டடத்தைக் கட்டிக்கொள்ள யாருக்கு அனுமதி இருந்தது? கோயிலும் கோட்டையும் அரண்மனையும் கருங்கல்லில் நின்றன. அவற்றுக்குக் கல் சுமந்தவனின் வீடு மண்சுவரும் கீற்றும்தான். ஓட்டு வீடு கட்டினால் கொழுப்பு என்று அடித்த ஊர்கள் நம் தாத்தா காலத்திலும் இருந்தன. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் உடைத்தது எதை? வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகளையும் அவற்றுக்குள் இருந்த பொருள்களையும். 2012இல் தருமபுரி நத்தம் காலனியில் எரித்தது எதை? பெங்களூருக்குக் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் கட்டிய வீடுகளை. நம் கட்டடத்துக்கு 100 வயது ஆக விடவே மாட்டார்கள். அப்புறம் 100 வயது ஆகவில்லை, அதனால் அது வரலாறு இல்லை என்பார்கள்.

நம் மக்கள் சொந்தமாய் மன்றம், பள்ளி, அச்சகம், விகாரை என்று செங்கல்லில் கட்டத் தொடங்கியதே பெரும்பாலும் கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளில்தான். 1944இல் தொடங்கிய அறக்கட்டளையின் கட்டடம் அந்த விதிப்படி 2040களில்தான் தகுதி பெறும். 2016லேயே இடித்தாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதன் பட்டியலில் கோயிலும் வெள்ளைக்காரன் பங்களாவும் தாமாகவே ஏறிவிடும். சேரிப் பள்ளிக்கூடம் ஏற வேண்டுமானால் நாம்தான் மனுவோடு நிற்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் எந்தச் சுவரையும் தொடாதே என்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அப்படிச் சொன்னால் நம் மக்களுக்கே துரோகம் செய்தவர்கள் ஆவோம். அம்பேத்கர் பவனிலிருந்து கொஞ்ச தூரத்தில் நாய்காவ் பிடிடி சால்கள் இருக்கின்றன. வரளி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க், சிவ்ரி நான்கிலும் சேர்த்து 207 கட்டடங்கள். 1920களில் கட்டியவை. ஓர் அறை 160 சதுர அடி. கக்கூஸ் மாடிக்குப் பொது. வரளி சால்கள் தலித் பேந்தர்களின் கோட்டை. 1974 ஜனவரியில் அங்கே வெடித்த கலவரத்தில் நம் தோழர் பகவத் ஜாதவைக் கொன்றார்கள். வரலாறு என்று பார்த்தால் ஒவ்வொரு படிக்கட்டும் வரலாறுதான். அதற்காக, நீங்கள் இன்னும் நூறு வருஷம் 160 சதுர அடியில் இருங்கள், நாங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இடித்துவிட்டு 500 சதுர அடி வீடு என்று திட்டம் போட்டு, 2025 ஆகஸ்டில் வரளியில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். அந்தச் சாவியை வாங்கிய கையைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்படுகிறோம். வறுமையைப் பாரம்பரியம் என்று பாதுகாக்கும் கூட்டத்தில் நாங்கள் இல்லை.

அங்கேயும் எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே குடியிருப்பவரின் பெயர்ப் பட்டியல் இருந்தது. கூட்டம் நடந்தது, சண்டை நடந்தது, ஒப்பந்தம் எழுதினார்கள். இடித்தால் எனக்கு என்ன என்று கேட்க ஒருவருக்கு இடம் இருந்தது. பவனை இடித்த இரவில் இல்லாமல் போனது அதுதான்.

இப்போது எங்கள் படிப்பகத்துக்கு வருவோம்.

அந்தக் காலனியின் பெரியவர்கள் இளைஞர்களாக இருந்தபோது கூலிக் காசில் கட்டியது. மண் சாந்தில் வைத்த செங்கல் சுவர், நாட்டு ஓடு. பிறகு ஓட்டை எடுத்துவிட்டுச் சிமென்ட் ஷீட் போட்டார்கள். பிள்ளைகள் சாயந்திரம் அங்கேதான் படிக்கிறார்கள். சென்ற மழையில் வடக்குச் சுவரின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஆள் இல்லாத நேரம் என்பதால் பிழைத்தோம். இடித்துவிட்டுச் சமுதாயக் கூடம் கட்டித் தருகிறோம் என்று சொல்ல ஆள் வந்தார்கள். இளைஞர்களில் பாதிப்பேர் சரி என்றார்கள். பெரியவர்கள் கூடாது என்றார்கள்.

அதே காலனியைச் சேர்ந்த, சிவில் டிப்ளமோ முடித்த தம்பி ஒருவரை வைத்து முதலில் சுவரைப் பார்க்கச் சொன்னோம். வடக்குச் சுவரைக் காப்பாற்ற முடியாது, மற்ற மூன்றையும் காப்பாற்றச் செலவு அதிகம் என்றார். அடுத்து நிலத்தின் கணக்கைப் பார்த்தோம். நத்தம் புறம்போக்கு. பட்டா இல்லை. இத்தனை வருஷமாக அது நம் இடம் என்பதற்கு ஒரே அத்தாட்சி அந்தக் கட்டடம்தான். கட்டடம் போன மறுநாள் அது வெறும் காலி மனை. காலி மனைக்கு யார் வருவார்கள், எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. பஞ்சமி நிலம் காகிதத்தில் நம் பெயரிலும் அனுபோகத்தில் அடுத்தவன் கையிலும் போன கதையை அறிந்தவர்கள் நாம். பழைய கட்டடம் என்றால் பழைய நினைவு என்று மட்டும் நினைக்காதீர்கள். பல இடங்களில் அதுதான் நம் பட்டா.

இரண்டாவது இரவு ஒரு தாத்தா சொன்னார்: "செவுரு போனா போவுதுப்பா, புள்ளைங்க மேல வுழுந்தா நாம மனுசனா? ஆனா அந்தக் கதவ மட்டும் வுட்றாதீங்க. ஊர் ஆசாரி சேரிக்கு வரமாட்டேன்னு சொன்னப்ப எங்கண்ணன் தானா கத்துக்கினு அடிச்ச கதவு அது." நாங்கள் அத்தனை நாள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் வந்திருக்கிறோம். அந்தக் கதை எங்களுக்குத் தெரியாது.

இடிப்பது என்றே முடிவானது. ஆனால் அதற்கு முன் பழைய வருகைப் பதிவேடுகள், சந்தாக் கணக்கு நோட்டு, துண்டறிக்கைகள், சட்டம் போட்ட படங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பட்டியல் போட்டோம். பிள்ளைகள் செல்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தார்கள். புதிய கட்டடத்துக்கும் அதே பெயர், அதே இடம், படிப்பகத்துக்குத் தனி அறை, அந்தக் கதவு அந்த அறைக்கு என்று கிராம சபையில் தீர்மானமாக எழுதி நகல் வாங்கினோம். புதுக் கட்டடத்துக்கான உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் பழைய சுவரில் கடப்பாரை படும் என்றும் எழுதினோம். அதுவரை பிள்ளைகள் மாரியம்மன் கோயில் திண்ணையில் படிக்கிறார்கள்.

இது பெரிய சாதனை இல்லை. இரண்டு இரவும் கொஞ்சம் பொறுமையும்தான் செலவு. ஒரு காலனி இரண்டு இரவில் செய்ய முடிந்ததை, பாபாசாகேபின் பெயரால் இயங்கும் ஓர் அறக்கட்டளையால் மும்பையில் செய்ய முடியாமல் போனதா?

அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' 1907இல் ராயப்பேட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. 'மூக்நாயக்'குக்கு 13 ஆண்டு முந்தியது. அந்த இதழ்கள் நமக்குக் கிடைத்தது எந்த அரசு ஆவணக் காப்பகத்தின் கருணையாலும் இல்லை. பழைய தாள்தானே என்று தூக்கி எறியாமல் நம் ஆட்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகு தமிழக வரலாற்றையே வேறு மாதிரி எழுத வேண்டியதாயிற்று. யாரோ ஒருவர் பெட்டியில் பூட்டி வைத்த தாளுக்கு இவ்வளவு பலம். தாதரில் அந்த இரவில் என்னென்ன தாள் மண்ணுக்குள் போனதோ என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை. தலித் வரலாற்றோடு தொடர்புள்ள எந்தக் கட்டடத்தையும், அது அரசுடையதானாலும் நம் அமைப்புகளுடையதானாலும், இடிப்பதற்கு முன்:

1. பொறியாளர் அறிக்கையை அந்த மக்களின் மொழியில் பொதுவில் வைக்க வேண்டும். மக்கள் தரப்புப் பொறியாளர் ஒருவரும் சோதிக்க வாய்ப்பு வேண்டும்.

2. பழுது பார்க்க என்ன செலவு, இடித்துக் கட்ட என்ன செலவு என்று இரண்டு கணக்கையும் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும்.

3. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட்டு, பல தரப்பின் கையெழுத்தோடு பத்திரமான இடத்துக்கு மாற்ற வேண்டும்.

4. பயன்படுத்துகிறவர்கள், குடியிருப்பவர்கள், உரிமை கோருகிறவர்கள் எல்லாரையும் கூட்டி முடிவெடுக்க வேண்டும். கூட்டக் குறிப்பை எழுத வேண்டும்.

5. நிலம் யார் பெயரில் இருக்கிறது, இடித்த பிறகு யார் பெயரில் இருக்கும் என்பது முடிவாகாமல் ஒரு செங்கல்லையும் எடுக்கக்கூடாது.

6. இடிப்பதென்றால் பகலில் இடியுங்கள். எல்லாரும் பார்க்க இடியுங்கள்.

தோழர்களே, உங்கள் ஊர்க் காலனியில் இருக்கும் பழைய படிப்பகம், இரவுப் பள்ளி, மன்றம், கல்லறை, சங்க அலுவலகம் எது என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். படம் எடுங்கள். கட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். நிலத்தின் சர்வே எண்ணைக் குறித்து வையுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து பழசு என்று சொல்லும்போது நம் கையில் ஒரு நோட்டாவது இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.